கருப்பு வண்டிக்கான விளக்கு

என் மனைவி பூங்கோதை ஒரு விளக்கின் வெளிச்சத்தில் மட்டும்தான் தெரிவாள். போன செவ்வாய்க்கிழமை அந்த விளக்கு கெட்டுப்போய்விட்டது.

இது ஒரே நாளில் வந்ததல்ல. கல்யாணமான நான்காம் வருஷம் ட்யூப்லைட்டில் மங்கினாள். ஆறாம் வருஷம் வெயிலில் தெரியாமல் போனாள். டாக்டரிடம் காட்டலாமென்றால் எதைக் காட்டுவது? ஒரு நாள் என் வேலை விளக்கைச் சார்ஜ் ஏறியிருக்கிறதா என்று போட்டுப் பார்த்தேன். சோற்றுக் கரண்டியோடு எதிரில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகக் கூப்பிடுகிறேன் என்று கோபித்துக்கொண்டாள். அன்றிலிருந்து விளக்கைச் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் சாய்த்து வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவோம்.

விளக்கை அணைத்தால் அவள் குரலும் போய்விடும். அவள் எழுதி வைக்கும் சீட்டும் அந்த வெளிச்சத்தில்தான் தெரியும். குழம்பு மட்டும் எல்லா வெளிச்சத்திலும் தெரியும். ஆனால் செவ்வாய்க்கிழமையிலிருந்து குழம்பும் இல்லை. அது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

நான் கோயம்புத்தூரில் வீடு வீடாகப் போய்க் கார்களின் பெயின்டைச் சரிசெய்கிறவன். பெயர் சென்னியப்பன். கார் கழுவுகிறவன் என்று நினைப்பவர்களோடு நான் பேசுவதில்லை. காரைத் தினமும் துணியால் துடைத்துத் துடைத்து மேலே தலைமுடி போல மெல்லிய வட்டக் கோடுகள் விழுந்திருக்கும். வெயிலில் சிலந்திவலை போலத் தெரியும். அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் தெரியவே தெரியாது. எனக்கு வேலை எப்போதும் கீழ்த்தளத்தில்தான். விளக்கைச் சாய்த்துப் பிடித்துக் கோட்டைக் கண்டுபிடித்து, பாலிஷ் மெஷின் வைத்து எடுக்கவேண்டும். பார்க்காத கீறலை எந்தக் கொம்பனும் எடுக்க முடியாது. தொழிலில் பாதி விளக்கு.

அந்த விளக்கு சரவணம்பட்டியில் ஒரு கார் கூரையிலிருந்து விழுந்தது. விழுந்ததில் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் பேட்டரி பூரி மாதிரி உப்பிவிட்டது. பின்பக்கம் ஒட்டியிருந்த தாள் என்றைக்கோ தேய்ந்துபோயிருந்ததால், என்ன மாதிரி வெளிச்சம், எத்தனை லூமன் என்று எதுவும் எனக்குத் தெரியாது. கட்டியவள் தெரிகிற விளக்கின் நம்பரை எழுதி வைக்காத மடையன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

புது விளக்கு வாங்க ஒரு சான்று வேண்டும். வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரிகிறார் என்று அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் கையெழுத்துப் போடவேண்டும். மேல்வீட்டு அம்மா கதவைத் திறந்து என் தலைக்கு மேலே பார்த்தார். இருமல் சத்தம் கேட்டதுண்டு, பார்த்ததாக ஞாபகமில்லை என்றார். வாட்ச்மேன்தான் இரக்கப்பட்டு இரண்டு கையெழுத்தையும் அவரே போட்டார். குறிப்பு என்ற இடத்தில் 'ஒரு மாதிரியாகத் தெரிகிறார்' என்று எழுதினார். அது போதுமாம்.

விளக்குக் கடை காந்திபுரத்தில் ஒரு மாடியில் இருந்தது. பத்தடி நீளக் கடை. வாங்க வந்தவர் ஒரு கேள்வி கேட்டால் இன்னும் பத்தடி நீளும். அதனால் அங்கே யாரும் அதிகம் கேட்பதில்லை. எனக்கு முன்னால் வரிசையில் நின்றவர் ரொம்ப நாளாகக் காத்திருந்து ஒரு காரின் கதவாகிவிட்டார். கருப்புக் கதவு. அவரைச் சுவரில் சாய்த்து வைத்து, விளக்குகளை அவர் மேல் அடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் மறுப்பு ஏதும் சொல்லவில்லை.

கடைக்காரர் ஆறுச்சாமி ஒரு படிவத்தைக் கொடுத்தார். ஒரே ஒரு கேள்விதான். இந்த வெளிச்சத்தில் நீங்கள் பார்க்கவேண்டியது எது?

பேனாவை எடுத்தேன். எனக்குப் பின்னால் பதினைந்து பேர் நின்றார்கள். எல்லாரும் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். பெண்டாட்டி கண்ணுக்குத் தெரியவில்லை என்று நாலு பேர் பார்க்க எப்படி எழுதுவது? மானம் என்று ஒன்று இருக்கிறதே. 'கருப்பு வண்டி' என்று எழுதினேன்.

எழுதியதும் வெட்கமாக இருந்தது. அடித்துத் திருத்த இடமில்லை.

ஆறுச்சாமி படித்தார்.

"நம்ம சொந்த வண்டிங்களா?"

"ஆமாங்க."

"எத்தன வருசமா வெச்சிருக்கறீங்க?"

"ஒம்பது வருசமுங்க."

"வெளிய எடுக்கறதுண்டுங்களா?"

யோசித்துப் பார்த்தேன். கடைசியாக மருதமலைக்குப் போனது. அதுவும் அவள் அண்ணன் கூப்பிட்டதால்.

"இல்லீங்க," என்றேன்.

அவர் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு சட்டத்தை விளக்கினார். ஆளுக்கு ஒரு விளக்குதான். ஆயுசுக்கும் அதுதான். இரண்டை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்க்கலாம். மறுநாள் மதியத்துக்குள் ஒன்றைத் திருப்பிவிடவேண்டும். தப்பாக வைத்துக்கொண்டால் கடைசிவரைக்கும் தப்பாகவே பார்க்கவேண்டியதுதான்.

முதலில் வட்டமாக ஒரு பெரிய விளக்கைக் கொண்டுவந்தார். எவர்சில்வர் தட்டு அளவு இருந்தது. எல்லாரும் இதைத்தான் எடுக்கிறார்கள் என்றார். கதவுமேல் அடித்தார். கடையே வெள்ளையாகிவிட்டது. கதவு இன்றைக்குக் கம்பெனியிலிருந்து வந்ததுபோல மின்னியது.

"பாத்தீங்களாங்ணா. ஒரு கோடு இருக்குதா?"

அதுதானே கேடு என்றேன். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவன் ஒவ்வொருவனும் செய்கிற தப்பு இது. வெளிச்சம் கூடக் கூட எல்லாம் தெரியும் என்று நினைப்பான். அகலமான வெளிச்சம் நாலு பக்கமும் பரவிக் கோட்டையெல்லாம் முழுங்கிவிடும். வேலை முடிந்தது என்று நினைத்துக் கையைத் துடைத்துக்கொள்வான். வண்டி வெயிலுக்கு வந்த பிறகுதான் சாயம் வெளுக்கும். கீறலுக்கு வேண்டியது சின்ன வெளிச்சம், ஒரே புள்ளியிலிருந்து, பக்கவாட்டில் சாய்ந்து. நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் கடை முப்பது அடி நீண்டிருந்தது. என் பேச்சில் கேள்வியும் கலந்திருந்தது போலிருக்கிறது.

பின்வரிசையிலிருந்து ஒரு சின்ன விளக்கை நானே எடுத்தேன். கையளவுதான். அடியில் காந்தம், வளைகிற கழுத்து, மஞ்சளும் வெள்ளையுமாக வெளிச்சத்தை மாற்ற ஐந்து படி. நிறத்தை நிறமாகக் காட்டும் ஜாதி. அதைக் கதவுக்குப் பக்கவாட்டில் பிடித்தேன். கோடுகள் எழும்பி வந்தன. வட்டம் வட்டமாக, ஒன்றின்மேல் ஒன்றாக, எத்தனையோ வருஷத்துக் கோடுகள். அவரை யாரோ தினமும் காய்ந்த துணியால் துடைத்திருக்கிறார்கள்.

"அத அமத்திருங்க," என்றது கதவு மெதுவாக.

அணைத்தேன். மன்னிப்புக் கேட்டேன். ஆறுச்சாமி விடாப்பிடியாகப் பெரியதையும் என் பையில் வைத்துவிட்டார்.

வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. நான் ஏறிப்போனபோது நாலாம் மாடியில் இருந்தது. பரவாயில்லை, சாவி சேர்ந்தது. ஜன்னல்களைப் போர்வையால் மூடினேன். வேறு வெளிச்சம் உள்ளே வந்தால் எதுவும் ஒழுங்காகத் தெரியாது. இதுவும் தொழிலில் கற்றதுதான்.

முதலில் பெரிய விளக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. இப்படி நப்பாசைப்படுகிறவனை நானே திட்டியிருக்கிறேன். போட்டேன். சுவர் வெள்ளை, மேசை வெள்ளை, என் கை வெள்ளை. பூங்கோதை இல்லை. அணைத்துப் பைக்குள் போட்டேன்.

சின்ன விளக்கை மேசை ஓரத்தில் வைத்தேன். முதல் படியில் தூசி தெரிந்தது. இரண்டாம் படியில் சுவரில் பழைய ஆணி அடித்த ஓட்டைகள் தெரிந்தன. மூன்றாம் படியில் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். நெற்றியில் திருநீறு.

"ஆருங்க அது?" என்றார்.

"இங்க குடியிருக்கறனுங்க."

"நானுந்தானுங்க."

பெயர் வையாபுரி என்றார். பதினொரு வருஷமாக இருக்கிறாராம். நாங்கள் வந்து ஒன்பது வருஷம்தான். அவர்தான் மூத்தவர், எனவே நான் நின்றுகொண்டேன். வீடு காலியாகவே கிடக்கிறதே, யாராவது குடிவந்தால் பேச்சுத்துணையாக இருக்குமே என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். நான் ஒன்பது வருஷமாக இருக்கிறேன் என்றேன். சத்தமே இல்லையே என்றார். எங்கள் வீட்டில் சத்தம் குறைவுதான் என்றேன்.

பூங்கோதையைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். முன்பின் தெரியாதவரிடம் இதைக் கேட்கும் அளவுக்கு வந்துவிட்டேன். படிவத்தில் எழுதாத உண்மையை இவரிடம் சொல்லிவிட்டேன்.

சமையற்கட்டில் யாரோ நடமாடுகிற மாதிரி இருக்கும், ஆனால் அவராகப் போய்ப் பார்த்ததில்லை என்றார் வையாபுரி. கூப்பிடாமல் ஒரு வீட்டின் சமையற்கட்டுக்குள் போகிற வழக்கம் அவருக்கு இல்லையாம். பதினொரு வருஷமாக யாரும் கூப்பிடவில்லை. சொல்லிவிட்டுப் பேப்பரைத் திருப்பினார். அது ஒரே பக்கமுள்ள பேப்பர்.

பிறகு கேட்டார்.

"நீங்க கூப்புட்டுப் பாத்தீங்களா?"

"இல்லீங்க. வெளக்குத்தான் தேடிட்டிருக்கறன்."

"பேரச் சொல்லிக் கூப்புடுங்க."

ஒன்பது வருஷத்தில் நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இந்தா' என்பேன். 'ஏம்புள்ள' என்பேன். அவள் என்னை 'ஏனுங்க' என்பாள். புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்லக்கூடாது என்று அவள் அம்மா சொல்லிக் கொடுத்து அனுப்பியிருந்தார். ரேஷன் கடையில்கூட என் பெயரைக் கேட்டால் அட்டையைக் காட்டிவிடுவாள். இதில் தப்பொன்றும் இருப்பதாக எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

நான்காம் படியில் சமையற்கட்டு வாசல் தெரிந்தது. ஐந்தாவதுதான் கடைசி. ரொம்பக் குறைந்த மஞ்சள். விளக்கைத் தரையில் வைத்துக் கழுத்தை வளைத்தேன். வெளிச்சம் தரையை உரசிக்கொண்டு போனது. முதலில் மெட்டி போட்ட கால் தெரிந்தது. பிறகு பச்சைச் சேலையின் கரை. பிறகு பூங்கோதை.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இளைத்திருந்தாள். தலை சரியாக வாராமல் இருந்தது. ஆறு நாள் பார்க்காததற்கே இப்படி இருந்தது எனக்கு. அவளிடம் ஓடவேண்டும் போலிருந்தது. நகர்ந்தால் வெளிச்சம் மறையும் என்று நின்ற இடத்திலேயே நின்றேன்.

அவள் கையிலும் ஒரு விளக்கு இருந்தது. எவர்சில்வர் தட்டு அளவு. அவளுக்கும் அதைத்தான் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

அவள் அதைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சாண் சாணாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் கார் பானட்டைப் பார்ப்பது போலவே. கதவின் பின்னால் பார்த்தாள். மேசையின் அடியில் பார்த்தாள். ஆக, செவ்வாய்க்கிழமையிலிருந்து நானும் அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பழைய விளக்கில்தான் நானும் இத்தனை வருஷம் தெரிந்திருக்கிறேன். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சாப்பிட ஆளில்லை என்று அவள் குழம்பு வைக்காமல் இருந்திருக்கிறாள்.

அவளுடைய வெளிச்சம் என் மேல் இரண்டு தடவை போனது. நிற்கவில்லை.

"பூங்கோத," என்றேன்.

அவள் நின்றாள். ஆனால் என் பக்கம் திரும்பவில்லை. இந்த வீட்டில் அவளை அப்படிக் கூப்பிட்டவர் யாருமில்லை. போர்வை மூடிய ஜன்னலைப் பார்த்தாள். தெருவில் யாரோ வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருப்பாள். மறுபடியும் கூப்பிட்டேன். ஜன்னலை இன்னும் இறுக மூடினாள்.

பிறகு வீட்டின் நடுவில் வந்து நின்றாள். வாயைத் திறந்து மூடினாள். என் பெயர் அவள் தொண்டை வரைக்கும் வந்திருக்கவேண்டும். சொல்லிவிடு என்றேன். சென்னியப்பன், அவ்வளவுதான், சொல்லிவிடு என்றேன்.

"ஏனுங்க," என்று கூப்பிட்டாள்.

வையாபுரி பேப்பரை மடித்தார். பதினொரு வருஷத்துக்குப் பிறகு ஒரு குரல் கூப்பிட்டால் யார்தான் உட்கார்ந்திருப்பார்கள்? வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"இதோ வந்துட்டனுங்க," என்றார்.

பூங்கோதை விளக்கை அவர் பக்கம் திருப்பினாள். அத்தனை வெளிச்சத்தில் எந்த முகத்திலும் ஒரு கோடும் இருக்காது. எல்லா முகமும் ஒரே மாதிரிப் புது முகம். அவள் முகம் மலர்ந்தது. அப்புறம் அழுதாள். விளக்கைக் கீழே வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க போயிட்டீங்க இத்தன நாளா?" என்றாள்.

வையாபுரி திரும்பி என்னைப் பார்த்தார். நல்ல மனிதர்தான்.

"இங்கதான் இருந்தனுங்க," என்றார்.

நானும் அதையேதான் சொன்னேன்.