நாணல் பந்தலுக்கு மேலே

பந்தலின் கூரை வழியாக வானம் தெரிய வேண்டும். தகரம் கூடாது, தார்ப்பாய் கூடாது, மரத்துக்கு அடியிலோ பால்கனிக்கு அடியிலோ கட்டவும் கூடாது. கூடாரப் பண்டிகைக்கு எங்கள் ஆட்கள் பந்தல் போட ஆரம்பித்த காலத்திலிருந்து இதுதான் சட்டம். ரூசே நகரத்தில் எங்கள் யூதர் மன்றத்துக்கு மிச்சமிருப்பது ஒரு கட்டடத்தின் தரைத்தளமும் அதன் குறுகலான முற்றமும்தான். முற்றத்தின் மூன்று பக்கமும் நாலு மாடிக் குடியிருப்பு. அதனால் நட்டநடு முற்றத்தில், அத்தனை பால்கனிகளும் பார்த்துக்கொண்டிருக்க, டானூப் ஆற்றங்கரையில் வெட்டிய நாணலைப் பரப்பிப் பந்தல் போடுவோம்.

அந்தப் பால்கனிகளைப் பற்றி இதற்கு முன்னால் நான் கவலைப்பட்டதே இல்லை. அவற்றிலிருந்து கயிறு கட்டிய கூடைகள்தான் இறங்கி வரும். மாவுக்குள் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட புரேக்காஸ், பூசணிக்காய் வைத்தது என்று நாங்கள் நிரப்பி அனுப்புவோம். மூன்றாம் மாடி வெனெதாவின் மகன் ப்ளாமென்தான் சின்ன வயதில் எல்லாரையும் முந்திக்கொண்டு கூடையை இறக்குவான். "ரெய்னா அத்தை, எனக்கு ரெண்டு!" என்று அவன் கத்துவது தெருவரைக்கும் கேட்கும். வெனெதா எங்கள் ஆள் இல்லை, ஆனால் என்னுடன் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். வருஷா வருஷம் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து பந்தலில் எங்களோடு சாப்பிடுவாள்.

மன்றத்தின் அறிவிப்புப் பலகை என் பொறுப்பு. திங்கள் காப்பியும் எங்கள் பாட்டிமார் பேசிய பழைய ஸ்பானியப் பேச்சும், புதன் முதுகுவலிக்காரர்களுக்கு உடற்பயிற்சி, வியாழன் ஓய்வூதியக்காரர்களுக்கு மதியச் சாப்பாடு என்று எழுதிவிட்டு, கடைசியில் பெரிய எழுத்தில் 'ஞாயிறு: பிள்ளைகள் பந்தலில்' என்று எழுதியிருந்தேன். ஞாயிறு வகுப்பு எடுப்பதும் நான்தான். எத்தனை பிள்ளைகள் என்று கேட்காதீர்கள். நாங்கள் பிள்ளைகளை எண்ண மாட்டோம், கண் பட்டுவிடும். ஒரு மேசை நிறையும், அவ்வளவுதான். பண்டிகை வழக்கப்படி பேரீச்ச மட்டையையும் நார்த்தங்காயையும் கையில் பிடித்துப் பந்தலுக்குள் ஆட்டுவதற்காக அதுகள் வருஷம் முழுக்கக் காத்திருக்கும். இந்த முறை முதலில் பிடிக்கப்போவது டாரியோ. ஆறு வயது. இரண்டு வாரமாக வீட்டில் துடைப்பத்தை வைத்துப் பழகிக்கொண்டிருந்தான்.

முதல் நாள் சாயங்காலம் முட்டை ஓடு விழுந்தது. காக்கா என்று சிரித்தோம். மறுநாள் எரிகிற சிகரெட் துண்டு விழுந்து நாணல் கருகியது. யாரோ கவனமில்லாமல் போட்டிருப்பார்கள் என்றோம். வியாழக்கிழமை, ஓய்வூதியக்காரர்கள் சாப்பிட்டு முடித்துக் காப்பிக்காக உள்ளே எழுந்து போன கொஞ்ச நேரத்தில், நாணலைப் பிய்த்துக்கொண்டு ஒரு கண்ணாடி ஜாடி வந்து மேசையில் வெடித்தது. வெள்ளைச் செர்ரியும் சர்க்கரைப்பாகும் மேசை விரிப்பெல்லாம் வழிந்தன. ரொட்டிக்குள் கண்ணாடி குத்தி நின்றது.

போலீஸ்காரர் வந்தார், அண்ணாந்து பார்த்தார். எல்லா ஜன்னல்களும் சாத்தியிருந்தன.

"காத்துல விழுந்திருக்கும்மா. பால்கனில ஜாடியைக் காய வைக்கறாங்கல்ல."

"காத்துல விழுந்தா செவுத்தோரமா விழும். நடு முத்தத்துக்கு நடந்தா வரும்?" என்றேன்.

எங்கள் தலைவர் டாக்டர் நிசிம் அலஜெம் என் தோளைத் தட்டினார். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொன்ன பல் வைத்தியர், என் வாயை மட்டும் மூடச் சொல்லியே ஓய்ந்துபோனவர். "ரெய்னா, சத்தம் போடாத. காத்துன்னு அவர் எழுதிக்கிட்டுப் போகட்டும். அக்கம்பக்கத்துல நாம வாழ வேண்டாமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அதற்குள் மேசையைத் துடைக்கக் குனிந்தவளுக்கு அந்தப் பாகிலிருந்து ஒரு வாசனை அடித்தது. செர்ரியோடு வாசனை ஜெரேனியம் இலை போட்டு வேக வைத்த வாசனை. இந்தக் கட்டடத்தில் அப்படி வைப்பவள் ஒருத்திதான்.

ஒரு தட்டில் புரேக்காஸ் எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினேன். வெனெதா சங்கிலியை எடுக்காமல் கதவைத் திறந்தாள். முகம் ஒரு விரற்கடை அகலத்துக்குத்தான் தெரிந்தது.

"ஏண்டி, நாலு நாளா கீழ எட்டியே பாக்கல. உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. ப்ளாமென் வந்திருக்கான்."

"தெரியும். ஜெர்மனில வேலை போயிடுச்சுன்னு கடைக்காரி சொன்னா. கூப்பிடு, பாக்கறேன். சின்னதுல என் கையால எவ்வளவு தின்னிருக்கான்."

"வேணாம்." குரலைத் தாழ்த்தினாள். "பொழுதன்னிக்கும் போனை வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கான். அதுல எவனெவனோ பேசறான். இவனும் கூடவே பேசறான். உங்க ஆளுங்களாலதான் எல்லாம்கறான்."

"எதெல்லாம்?"

"எல்லாமேதான்."

அவள் தோளுக்கு மேலே பால்கனி தெரிந்தது. நிலவறை அலமாரியில் இருக்க வேண்டிய ஜாடிகளெல்லாம் பால்கனிக் கைப்பிடி மேல் வரிசையாக ஏறி நின்றன. நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

"ரெய்னா, ஞாயித்துக்கெழமை பிள்ளைங்களை உள்ளயே வச்சிக்கோ."

"அவன்தானா?"

"நா ஒண்ணும் சொல்லல. பிள்ளைங்களை உள்ள வச்சிக்கோன்னுதான் சொன்னேன்." கதவு சாத்திக்கொண்டது. தட்டு என் கையிலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் டாக்டர் தகரம் போடலாம் என்றார். போட்டால் அது பந்தல் இல்லை, சைக்கிள் கொட்டகை என்றேன். இந்த வருஷம் கூடத்துக்குள் பதுங்கினால் அடுத்த வருஷம் ஜன்னலுக்குத் திரை போடுவோம், அதற்கடுத்த வருஷம் வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றுவோம் என்று கத்தினேன். எல்லாம் கத்தி முடித்த பிறகு, எறிந்தவன் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் அவள் மகன். சொல்லாவிட்டால் டாரியோவின் தலை. கடைசியில் நானே போய்ப் பலகையில் 'பந்தலில்' என்பதை அழித்துவிட்டு 'கூடத்தில்' என்று எழுதினேன். அன்று வந்த அழுகையை அடக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வந்தன. டாரியோ ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு, "ரெய்னா டீச்சர், பந்தல் அங்க இருக்கு, நாம ஏன் இங்க இருக்கோம்?" என்று கேட்டான். நானும் வெளியே பார்த்தேன். பந்தலுக்குள் பெஞ்சின் நடுவில் வெனெதா உட்கார்ந்திருந்தாள். நல்ல கோட்டு, படிய வாரிய தலை.

பிள்ளைகளை டாக்டரிடம் விட்டுவிட்டு ஓடினேன்.

"என்னடி பண்ற இங்க?"

"வருசா வருசம் வருவேன்ல. வந்திருக்கேன். பிள்ளைங்களைக் கூட்டிட்டு வா. நா ஒக்காந்திருக்கறப்ப அவன் ஒண்ணும் பண்ண மாட்டான்."

"அவன்கிட்ட சொல்லிட்டியா?"

"அவன் ரூம் கதவைத் திறந்து சொல்லிட்டுத்தான் வந்தேன். அம்மா கீழ இருப்பேன்டான்னு."

"அதுக்கு என்ன சொன்னான்?"

அவள் மேசை விரிப்பின் சுருக்கத்தை நீவினாள்.

"வெனெதா, பண்ண மாட்டான்னு நிச்சயமாத் தெரியுமா உனக்கு?"

"பெத்தவ நானு," என்றாள்.

அது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரியும். பிள்ளைகளைக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவளைத் தனியாக விட்டுவிட்டுப் போகவும் கால் வரவில்லை. உள்ளே போய் ஒரு தட்டில் புரேக்காஸ் எடுத்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிர் மாடியில் யாரோ குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் டாக்டர் சுருதி சேராமல் பாட ஆரம்பித்தார், பிள்ளைகள் பின்னாலேயே பாடின. கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது எங்களுக்கு.

அப்போது மேலே பால்கனிக் கதவு திறந்தது. கைப்பிடியில் கண்ணாடி உரசும் சத்தம் கேட்டது.

வெனெதா அண்ணாந்தாள். சாப்பிடக் கூப்பிடும் அதே குரலில், "ப்ளாமென்! அம்மா இங்க இருக்கேன்டா. ரெய்னா அத்தையும் இருக்கா. எறங்கி வா, உனக்கு ரெண்டு எடுத்து வச்சிருக்கோம்!" என்றாள்.

நாணலின் இடைவெளியில் அவன் முகம் தெரிந்தது. எங்கள் கூரையின் சட்டம் அப்படி, கீழே இருப்பவர்களுக்கு வானம் தெரியும், மேலே இருப்பவனுக்கு நாங்கள் தெரிவோம். அவன் என்னைப் பார்த்தான். பிறகு தன் அம்மாவைப் பார்த்தான். நன்றாகப் பார்த்தான்.

ஜாடி வந்து அவள் பக்கத்திலேயே மேசை விளிம்பில் வெடித்தது.

கூடத்தில் பாட்டு நின்றுபோனது. சுற்றிலும் ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை. வெனெதாவின் நெற்றியோரத்தில் ரத்தம் மெல்லிய கோடாக இறங்கியது, நல்ல கோட்டு முழுக்கச் சர்க்கரைப்பாகு. நான் அவள் தலைமுடியிலிருந்து கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கினேன்.

"காத்து," என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன்.

"காத்துதான் ரெய்னா. வரிசையா வச்சிருந்தான்ல, தட்டி விட்டிருக்கும். போலீஸ் கேட்டா அப்படியே சொல்லு."

எழுந்தாள். தட்டிலிருந்த புரேக்காஸை ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணாடி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, சுத்தமாக இருந்த இரண்டை மட்டும் கைக்குட்டையில் வைத்தாள்.

"எங்க போற? மேல போகாதடி. இன்னிக்கு எங்க வீட்டுல இரு."

"அவன் காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல," என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டுக்குள் போனாள்.

மிளகாய் சுட்ட புகை எதிர் பால்கனியிலிருந்து கொஞ்சம்கூட வளையாமல் நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.