சோப்புச் சண்டை

டெஸ்டர், ஸ்க்ரூடிரைவர், பாதி தீர்ந்த டேப்புச் சுருள்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் போட்டாள் அவள். வயர்மேனான கணவரின் பெட்டியை அவர் இருந்தவரை வீட்டில் ஒருவரும் தொட்டதில்லை. இன்று தடுக்க அவர் எழுந்து வரப்போவதில்லை. விடியற்காலை ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. பத்து மணிக்குக் கொண்டுவந்து முன்னறைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள்.

“அம்மா, வெந்நீர் ஆறுது. என்னத்தத் தேடுற?” என்றாள் மகள்.

“அந்த வாசனை சோப்பு. இதுக்குள்ளதான் ஒளிச்சு வெச்சாரு.”

“பாத்ரூம்ல இருக்கறதே போதாதா?”

“அது வேணாம். இன்னிக்காவது நல்ல சோப்புல குளிக்கட்டும் மனுஷன்.”

முப்பத்தொரு வருஷச் சண்டை அது. பேக்கரியில் சம்பளம் வாங்கிய அன்றே, வீடு வந்து சேருவதற்குள் பாதியைக் கரைத்துவிடுவாள் அவள். ஒன்று கேட்டால் மூன்று வாங்குவாள், கேட்காவிட்டால் இரண்டு. அவரோ பஸ்ஸில் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடக்கிற ஜாதி. இலை மாதிரி தேய்ந்த சோப்பைப் புதுச் சோப்பின் முதுகில் ஈரத்தோடு அழுத்தி ஒட்டிவைப்பார். அவள் நகத்தால் பெயர்த்து ஜன்னல் வழியே எறிவாள். அவர் போய்ப் பொறுக்கிவந்து, கழுவி, மறுபடியும் ஒட்டுவார்.

“மகாராணி, இது இன்னும் நாலு நாள் நுரைக்கும்” என்பார். சொல்லிவிட்டுச் சிரிப்பார் பாருங்கள், அதில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். மகளின் காலேஜ் ஃபீஸ் அப்படிப்பட்ட நாலு நாலு நாள்களிலிருந்துதான் வந்தது என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தால் மட்டும் சண்டையை விட்டுவிட முடியுமா என்ன?

போன வருஷப் பிறந்தநாளுக்குத் தனக்கென்று ஆசை ஆசையாய் வாங்கி வந்தாள், ஊதா நிறத்தில் ஒரு சோப்பு. அதன் விலைக்கு ஒரு டஜன் சாதா சோப்பு வாங்கலாம். “இதெல்லாம் நல்ல நாள் பார்த்துப் பிரிக்கணும்” என்று பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்.

நேற்றுக் காலை நெஞ்சு கனக்கிறது என்று அவசரமாகக் கூட்டிப்போனார்கள். மகளைத் துணைக்கு விட்டுவிட்டு, சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது போன் அடித்தது. அவர்தான்.

“பாத்ரூம்ல சோப்பு தண்ணியில ஊறிட்டிருக்கும். காலைல அவசரத்துல விட்டுட்டேன். கொஞ்சம் நிமித்தி வெச்சிடு.”

“அங்க போய்ப் படுத்தும் சோப்பா? வெக்கமா இல்ல உங்களுக்கு?” என்று படக்கென்று வைத்துவிட்டாள். கோபத்தில் குளியலறைப் பக்கமே போகவில்லை. அதுதான் கடைசிப் பேச்சு. எதைச் செய்தாவது அந்த ஒரு வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

பெட்டியின் அடியில் ஊதா அட்டைப்பெட்டி அகப்பட்டது. காலி. தட்டையாக மடித்து வைத்திருந்தார்.

“பாத்தியா! யாருக்கோ தூக்கிக் குடுத்திருக்காரு. அட்டைய மட்டும் பத்திரமா மடிச்சு வெச்சிருக்காரு” என்றாள்.

வேறு வழியில்லாமல் குளியலறைக் கதவைத் திறந்தாள். வாசனை குப்பென்று வந்தது. தண்ணீர் தேங்கிய டப்பாவுக்குள் ஊதாச் சோப்பு அடிப்பக்கம் குழைந்து கிடந்தது. மேலே பொறித்த எழுத்துகள் கொஞ்சமும் தேயவில்லை; ஒருதரம்கூட அவர் தேய்த்துக்கொள்ளவில்லை. திருப்பிப் பார்த்தாள். முதுகில், கோணல்மாணல் இல்லாமல், பழைய பச்சைச் சோப்பின் தேய்ந்த வில்லை ஒட்டியிருந்தது.

பின்னால் வந்து நின்ற மகள் சொன்னாள். “நேத்து உன் பொறந்தநாள் இல்லியாம்மா?”

ஆஸ்பத்திரி அலைச்சலில் அவளுக்கு அது நினைவிலேயே இல்லை. சோப்பைப் பிடித்தபடி ஈரத்தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள்.

அழுது முடித்ததும் மகள் கை கொடுத்து எழுப்பினாள். “குடும்மா, அந்தப் பச்சைய மட்டும் பெயர்த்துடறேன்.”

“விடு” என்றாள் அவள். “இன்னும் நாலு நாள் நுரைக்கும்.”

இருவருமாகப் பக்கெட்டைத் தூக்கிப்போய் அவரைக் குளிப்பாட்டினார்கள். விரலிடுக்கு, காது மடல் என்று ஓர் இடம் விடாமல் அவள் தேய்த்தாள். துடைத்துச் சட்டை போட்டுவிட்டபோது, வண்டி வந்துவிட்டதென்று வாசலிலிருந்து குரல் வந்தது.

“ஒரு நிமிஷம்” என்று குளியலறைக்குப் போனாள். டப்பாவில் தேங்கியிருந்த தண்ணீரைக் கொட்டினாள். சோப்பைச் சுவரோடு சாய்த்து, நிமிர்த்தி வைத்தாள்.