காலி நாற்காலியைப் பற்றி யாரும் கேட்பதில்லை

டயாலிசிஸ் அறையின் சுவரெல்லாம் அறிவிப்புகள். கையைக் கழுவு, செருப்பை வெளியே விடு, தண்ணீரை அளந்து குடி. அவற்றில் பாதியை யாரும் மதிப்பதில்லை. எங்கும் எழுதி ஒட்டாத சட்டம் ஒன்று இருந்தது. அதை மட்டும் எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். ஒரு நாற்காலி காலியாக இருந்தால் ஏன் என்று கேட்கக் கூடாது.

சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரத்தில் மூன்று முறை வந்து, சாய்வு நாற்காலியில் படுத்து, இரத்தத்தை இயந்திரத்துக்கு அனுப்பிச் சுத்தம் செய்து திருப்பி வாங்கிக்கொண்டு போகும் இடம் அது. ஐந்து நாற்காலிகள், ஐந்து இயந்திரங்கள், யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஓடும் ஒரு டிவி. வருகிறவர்கள் வருடக்கணக்கில் வருவார்கள். பிறகு ஒருநாள் வரமாட்டார்கள். அன்றைக்கு மட்டும் மீதிப் பேருக்கு டிவியில் வரும் பெயிண்ட் விளம்பரம் திடீரென்று ரொம்பப் பிடித்துப்போகும். நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பாமலே வேலை பார்ப்பாள். சில நாளில் அங்கே புது ஆள் உட்கார்ந்திருப்பார்.

இந்தச் சட்டத்துக்குக் காவல் நின்றவள் டெய்லரம்மா. வீட்டு முன்னறையில் பள்ளிச் சீருடை தைப்பவள். மகளோடும் மாப்பிள்ளையோடும் இருப்பவள். ஊர்க்கதை முழுக்க அவள் வாயில் இருக்கும். ஆனால் யாராவது, "அந்தக் கடைசி சீட்டு ஆளு எங்க..." என்று இழுத்தால், "உங்க டியூபைப் பாருங்க, மடங்கிக் கிடக்கு" என்று பேச்சை வெட்டிவிடுவாள். டியூப் ஒழுங்காகத்தான் இருக்கும். அவளுக்குப் பயம், அவ்வளவுதான். ஒரு சாவைக் காதால் கேட்டுவிட்டால் அடுத்தது யார் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடுமே.

பக்கத்து நாற்காலி டிரைவருடையது. லாரி ஓட்டி ஓய்ந்தவர். இருவரும் எலியும் பூனையும். அவருக்கு ஏசி வேண்டும், அவளுக்குக் குளிரும். உள்ளே வந்ததும் எடை பார்ப்பார்கள். உடம்பில் எவ்வளவு தண்ணீர் ஏறியிருக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். "என்னம்மா, குழாயைத் தொறந்து வச்சு வாயைக் குடுத்துட்டீங்களா?" என்பார் டிரைவர். "நீங்க ஐஸ் கட்டியைத் திருடித் தின்னது உங்க மூஞ்சிலயே வீங்கித் தெரியுது அண்ணே" என்பாள் இவள். அவள் காலில் தசை பிடித்துக்கொண்டு துடிக்கும்போது மட்டும் அவர் சண்டையை நிறுத்திவிட்டு, ஊசி இல்லாத கையை அவள் பக்கம் நீட்டுவார். அவள் அதை நசுக்கிப் பிடித்துக்கொள்வாள். டிரைவர் அன்று நகத்தடத்தோடு வீட்டுக்குப் போவார்.

ஒருநாள் டிரைவர் வரவில்லை.

டெய்லரம்மா டிவியைப் பார்த்தாள். அடுத்த முறையும் அவர் வரவில்லை, அப்போதும் டிவியைப் பார்த்தாள். அதற்கடுத்த முறை அவர் இடத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட கணக்கு வாத்தியார் ஒருவர் உட்கார்ந்து, பயத்தை மறைக்க நாளிதழை விரித்துக்கொண்டிருந்தார். டெய்லரம்மா அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. யாரையும் எதுவும் கேட்கவும் இல்லை. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே.

வீட்டுக்கு வந்தவள் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து ஒரு சட்டைக்குக் கை வெட்டினாள். தைக்கப் போகும்போதுதான் பார்த்தாள், இரண்டும் இடது கை. தொழில் கற்றுக்கொண்ட காலத்தில்கூட அவள் செய்யாத தப்பு. துணியை மூலையில் எறிந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த முறை மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில், "இன்னிக்கு வரல" என்றாள்.

"வரலன்னா? விளையாடுறியாம்மா?" என்றாள் மகள்.

"குத்திக் குத்திக் கை சல்லடையா போச்சு. ஒருநாள் விடு."

ஒருநாள் இரண்டானது. கால் வீங்கியது, முகம் உப்பியது. படுத்தால் மூச்சு முட்டியதால் சுவரில் சாய்ந்தே தூங்கினாள். வாய் திறந்து அதிகம் பேசாத மாப்பிள்ளை அவள் முன்னால் தரையில் வந்து உட்கார்ந்தார். "அத்தை, இப்படியே விட்டா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்" என்றார்.

"தெரியும் மாப்பிள்ளை" என்றாள் அவள். அவள் சொன்ன விதத்தைக் கேட்டு மகள் சமையலறைக்குள் போய் அழுதாள்.

மூச்சு திணறத் தொடங்கியபின் அவளுடைய சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. அள்ளிப்போட்டுக்கொண்டு வந்து இயந்திரத்தோடு இணைத்தார்கள். தண்ணீர் இறங்க இறங்க மூச்சு நேரானது. அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பேச்சு மேடம் வந்தது அப்போதுதான். நோயாளிகளின் மனநலத்தைக் கவனிக்க மருத்துவமனை வைத்திருந்த ஆலோசகர் அவர். எந்நேரமும் ஜலதோஷம், கையில் எந்நேரமும் கைக்குட்டை. முன்பொரு தரம் வந்தபோது டெய்லரம்மா, "எனக்கென்ன பைத்தியமா? அந்தப் பக்கம் போய்ப் பேசுங்க" என்று விரட்டியிருந்தாள். இன்று விரட்டத் தெம்பில்லை. மேடம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தைரியமாக இருங்கள் என்று சொல்லவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சும்மா இருந்தார். அந்தச் சும்மா இருத்தல்தான் டெய்லரம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"டிரைவர் எப்படிச் செத்தாரு?" என்றாள், சுவரைப் பார்த்தபடியே.

மேடத்தின் முகம் ஒரு மாதிரி ஆனது. "கொஞ்சம் இருங்க, வந்துடறேன்" என்று எழுந்து போனார். கேட்டதே தப்பு என்று டெய்லரம்மா தன்னைத் திட்டிக்கொண்டாள்.

திரும்பி வந்த மேடம் தன் கைப்பேசியை அவள் காதில் வைத்தார். "ஒருத்தர் உங்ககிட்ட பேசணுமாம். அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் வந்தேன்."

"என்னம்மா, ரெண்டு தடவை மட்டம் போட்டீங்களாமே?" என்றது கைப்பேசி.

அந்தக் குரலை அவளுக்குத் தெரியாதா? இத்தனை வருடமும் அண்ணே, நீங்க, வாங்க என்று பேசியவள் அன்றைக்குத்தான் மரியாதையைக் காற்றில் விட்டாள். "யோவ்! உயிரோடவா இருக்க நீ?"

உயிரோடுதான் இருந்தார். இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் தொற்று தெரிந்திருக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்குத் தனி இயந்திரம், தனி அறை. கீழ்மாடிக்கு மாற்றிவிட்டார்கள். ஒருவருடைய நோயை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்பதால் நர்ஸுகளும் மூச்சுவிடவில்லை.

"நீ செத்துட்டேன்னு நெனச்சேன்யா" என்றாள் டெய்லரம்மா.

டிரைவர் மெதுவாகச் சொன்னார்: "நெனச்சீங்கல்ல? அப்புறமும் ஒரு வார்த்தை கேக்கத் தோணலயா? தனியா கெடக்கேன்மா இங்க. மேல யாராவது நம்மளத் தேடுவாங்கன்னு வர்ற அன்னிக்கெல்லாம் கதவையே பாத்துட்டிருந்தேன். ஒருத்தரும் கேக்கலன்னு தெரிஞ்சப்ப, நெசமாவே செத்த மாதிரிதான் இருந்துச்சு."

டெய்லரம்மாவுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. ஊசி குத்திய கையை மடக்கிவிட்டாள். இயந்திரம் அலறியது, நர்ஸ் ஓடிவந்தாள். அவளைக் கேட்கவிடாமல் தடுத்த சட்டம் எதுவோ, அதுவே அந்த மனுஷனை உயிரோடு புதைத்திருக்கிறது. இது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது, வெட்கமாகவும் இருந்தது.

அதன்பிறகு அவள் மட்டம் போடவில்லை. ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே வந்து, கீழ்மாடியில் டிரைவர் அறை வாசலில் நின்று சண்டை போட்டுவிட்டுத்தான் மேலே வருவாள். பேசினால் அந்தத் தொற்று ஒட்டாது என்று மேடம் சொல்லியிருந்தார்.

ஒருநாள் டிரைவர் கேட்டார்: "நான் வராத அன்னிக்கு என்ன பண்ணுவீங்க?"

"வாயைக் கழுவுங்க."

"கழுவிக்கறேன். கேப்பீங்களா, மாட்டீங்களா?"

"கேக்கறேன்" என்றாள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

"சத்தமா கேளுங்க. எல்லாரும் இருக்கும்போது கேளுங்க."

மழை ஓய்ந்து வெயில் ஏறிய மாதங்களில் ஒருநாள் கீழறை பூட்டியிருந்தது. டெய்லரம்மா படியேறி வந்தாள். எடை பார்த்தாள், நாற்காலியில் சாய்ந்தாள். நர்ஸ் ஊசி குத்தி பிளாஸ்திரி ஒட்டும்வரை காத்திருந்தாள். கேட்டால் உண்மையாகிவிடும். கேட்காமல் இருந்தால் இன்னும் ஒருநாள் தள்ளலாம்.

"சிஸ்டர், கீழ டிரைவர் அண்ணன் ஏன் வரல?" என்றாள், அறை முழுக்கக் கேட்கும்படி.

எல்லாத் தலைகளும் டிவி பக்கம் திரும்பின. "பிரஷர் பாத்துடலாம்மா" என்றாள் நர்ஸ்.

"பிரஷர் அப்புறம் பாக்கலாம். அவர் ஏன் வரல?"

நர்ஸ் கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். "நேத்து காலைல போயிட்டாரும்மா. தூக்கத்துலயே." கொஞ்சம் தயங்கினாள். "அவர் வீட்டு ஆளுங்களே உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க. எனக்குத்தான் எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

டெய்லரம்மா அழுதாள். கையை அசைக்க முடியாததால் முகத்தை மூடிக்கொள்ளவும் முடியவில்லை. எல்லோருக்கும் முன்னால் அப்படியே அழுதாள். அழாதீங்க என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்து நாற்காலிக் கணக்கு வாத்தியார் ரிமோட்டைத் தேடி டிவியை நிறுத்தினார். அந்த அறையில் இயந்திரங்களின் சத்தம் மட்டும் கேட்டது அன்றைக்குத்தான்.

அவள் ஓரளவு ஓய்ந்தபின் வாத்தியார் தயங்கித் தயங்கிக் கேட்டார். "எப்படிப்பட்ட ஆளும்மா அவரு?"

"பொல்லாத ஆளு சார்" என்று ஆரம்பித்தாள் டெய்லரம்மா. மற்றவர்களும் அவள் பக்கம் திரும்பினார்கள். நேரம் முடிந்து ஊசியை எடுத்த பிறகும் அவள் சொல்லி முடிக்கவில்லை. நர்ஸும் அவளைக் கிளம்பச் சொல்லவில்லை.