இருமல் விழும் வரி

அன்று வீட்டின் முன்னறையிலும் வெளியிலுமாக இருந்தவர்கள் நான்கு பேர். நாவலாசிரியர் மேசைக்கு முன்னால், போதகர் பிரம்பு நாற்காலியில், அண்ணி கதவை ஒட்டிய மரப்பெட்டியின் மேல். நாவலாசிரியரின் அண்ணன் ஜன்னலுக்கு வெளியே, தெருவில் போட்ட மடக்கு நாற்காலியில். தம்பியின் ஏழாவது நாவல் வெளிவந்த நாளிலிருந்து எந்தக் கதவும் அவரை உள்ளே விடுவதில்லை.

வீட்டுக் கதவு, தேவாலயக் கதவு, பேருந்துக் கதவு எல்லாம் சொல்லிவைத்தாற்போல் நடந்துகொண்டன. தச்சரை அழைத்துக் கதவைக் கழற்றிப் பார்த்தார்கள். வெறும் நிலை சுவர்போல் நின்றது. ஜன்னல் வழியாகச் சோறும் பேச்சும் போயின, ஆள் போகவில்லை. அவர் பூட்டு ரிப்பேர்காரர் என்பதால் தெருவில் சிரிப்பும் இருந்தது. ஊர்ப் பூட்டையெல்லாம் திறந்தவர் சொந்த வீட்டுக்கு வெளியே காவல் என்றார்கள். நெஞ்சில் அடைப்பு என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது. ஆஸ்பத்திரிக் கதவும் திறக்கவில்லை. மருத்துவர் வெளியே வந்து மரத்தடியில் வைத்துச் சோதித்துவிட்டு, தெருவில் நெஞ்சைத் திறக்க முடியாது, மழைக்காலத்துக்குள் எப்படியாவது உள்ளே கொண்டுவாருங்கள் என்று சொல்லிப் போனார்.

காரணம் யாருக்கும் மறைவில்லை. அந்த நாவலில் குடிகாரன், திருடன், காட்டிக்கொடுத்தவன் எல்லாருக்கும் பரலோக வாசல் திறக்கிறது. வலது கட்டைவிரலில் தழும்புள்ள பூட்டுக்காரன் ஒருவனுக்கு மட்டும் கடைசிப் பக்கத்தில் அடைபடுகிறது. தம்பியின் எழுத்துக்கு அந்த வலு முன்பே உண்டு. முதல் நாவலைப் படித்தவர்கள் பகையாளி வீட்டுக்கு நடந்தே போய்ச் சமாதானமானார்கள். மூன்றாவது நாவலின் தாள்கள் பாத்திரங்களின் கண்ணீரால் ஈரமாகவே இருந்ததால் கடைக்காரர்கள் வெயிலில் காயவைத்து விற்றார்கள். அந்தப் பாத்திரங்கள் பிறந்தது வேதாகமக் கல்லூரியில். போதகராகப் படிக்கப் போன தம்பி, முழங்காலில் நின்று இல்லாத ஆட்களுக்காக ஜெபித்தார்: கால் ஊனமான ஒரு தையல்காரருக்காக, பிள்ளையைத் தொலைத்த ஒரு விதவைக்காக. அண்ணன் கல்லூரி முதல்வரிடம் போய், "இவன் ஜெபம் பண்ணலீங்கய்யா, கதை கட்டுறான்" என்று சொன்னார். தம்பியை வெளியே அனுப்பினார்கள். அங்கி கிடைக்காதவர் பேனாவை எடுத்தார். அதன்பின் பரமண்டல ஜெபத்தில் பிறர் குற்றத்தை மன்னிக்கும் வரி வரும்போதெல்லாம் அவருக்கு இருமல் வந்தது. அதைக் கேட்டதும் தேவாலயத்தின் பின்வரிசைக்காரர்கள் ஜெபம் முடியப்போகிறது என்று காலால் செருப்பைத் தேடுவார்கள்.

மறுபதிப்பில் கடைசிப் பக்கத்தை மாற்றிவிடலாம் என்று பதிப்பாளர் சொல்லியிருந்தார். நாவலாசிரியரும் எழுதத்தான் செய்தார். கதவு திறந்தது என்று எழுதினால், மை காய்வதற்குள் எழுத்து மறைந்தது. நம்பாததை அவர் கை எழுதாது என்று வாசகர்கள் புகழ்வார்கள். அது புகழ்ச்சி இல்லை, உள்ளபடியான நிலவரம்.

"அண்ணே, ஒரு தடவை தப்புன்னு சொல்லிடுங்க. எழுதிடுறேன்."

"நீ கதை கட்டலையா? நான் பொய்யா சொன்னேன்?"

"உயிர் போற நேரத்துல வக்கீல் பேச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே வீம்பு" என்றாள் அண்ணி. "ஐயா, நீங்க ஜெபத்தை ஆரம்பிங்க."

போதகர் ஆரம்பித்தார். அந்த வரி வந்தது. நாவலாசிரியர் இருமினார். ஜன்னலுக்கு வெளியிலும் ஓர் இருமல் கேட்டது. போதகர் நிறுத்திவிட்டார்.

"இது நெஞ்சுவலி இருமல் இல்லைங்கய்யா" என்றாள் அண்ணி. "கல்யாணம் ஆனதுலேருந்து கேக்குறேன். இதே இடத்துலதான் வரும்."

"நான் உங்களுக்கு என்னண்ணே பண்ணினேன்?"

அண்ணன் தெருவைப் பார்த்தபடியே பேசினார். "லீவுல வந்தா நமக்கு ஒரே ரூம். நொண்டித் தையல்காரனுக்கு அழுது அழுது ஜெபிப்ப. அரம் கிழிச்சு விரல் சீழ் வெச்சு, காய்ச்சலோட நான் பக்கத்துல கிடந்தேன். இல்லாதவனுக்கெல்லாம் கேட்டியேடா தம்பி, இருக்கிறவனுக்கு ஒருநாள் கேட்டியா?"

அந்தத் தழும்பை வர்ணிக்க நாவலில் முழுதாக ஒரு பத்தி செலவாகியிருந்தது. அது எப்படி வந்தது என்று நாவலாசிரியர் கேட்டதே இல்லை. அவர் முழங்காலிட்டு, வீட்டில் யாரும் கூப்பிடாத ஞானஸ்நானப் பெயரைச் சொல்லி, அண்ணனின் நெஞ்சுக்காக ஜெபித்தார். மொழி அழகாக இல்லை, பாதியில் திக்கியது. எழுந்து, கதவு திறந்தது என்று எழுதினார். மறைந்தது. வெகுநேரம் கழித்து, உள்ளே யாரோ தாழ்ப்பாளை நகர்த்தும் சத்தம் பூட்டுக்காரனுக்குக் கேட்டது என்று எழுதினார். மை காய்ந்தது. எழுத்து நின்றது.

போதகர் எட்டிப் பார்த்தார். "இவ்வளவுதானா?"

"இப்போதைக்கு இவ்வளவுதாங்கய்யா நம்ப முடியுது."

தாளை மடித்து உறையிலிட்டு, பதிப்பாளரின் முகவரி எழுதி, அண்ணி பசை தடவி ஒட்டினாள். யார் போய்ப் போடுவது என்ற பேச்சே எழவில்லை. வெளியே இருந்தவர் ஒருவர்தான். அண்ணன் ஜன்னல் கம்பி வழியாக உறையை வாங்கிக்கொண்டு, நெஞ்சைப் பிடித்தபடி தெருமுனைவரை நடந்தார். தபால் பெட்டியின் கதவையும் பூட்டையும் ஒருமுறை அவரே பழுதுபார்த்திருந்தார். இப்போது அதன் வாயும் தன்னைத் தடுக்குமோ என்று சற்று நின்றார். கை மணிக்கட்டுவரை உள்ளே போனது. உறை விழுந்தது. திரும்பி வந்து, மடக்கு நாற்காலியை வாசலுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார்.