மலீஹாவுக்குப் போய்ச் சேர்ந்த நீளம்

2003ஆம் ஆண்டு மே மாதம் முதல், இனாயத்துல்லாவின் தொட்டிகளில் மீன்கள் வளராமல் விட்ட நீளமெல்லாம் அவர் மகள் மலீஹாவுக்குப் போய்ச் சேர்ந்தது. டெக்சாஸின் இர்விங் நகரில் சாஃப்ட்வேர் வேலை போன பிறகு, ஹூஸ்டனுக்கு வெளியே ஒரு கொட்டகையில், நம்மூரில் ஜிலேபி மீன் என்கிற திலாப்பியாவை வளர்த்துக்கொண்டிருந்தார். முந்நூறு குஞ்சு விடவேண்டிய தொட்டியில் ஆயிரம் விட்டார். மூன்று மடங்கு குஞ்சு விட்டால் மூன்று மடங்கு மீன் என்பது ப்ரோக்ராம் எழுதிப் பழகியவரின் கணக்கு. மீனுக்கு அந்தக் கணக்கு தெரியாது. இரைக்கும் காற்றுக்கும் முண்டியடித்து, தட்டு நிறைய வளரவேண்டியவை விரல் நீளத்தில் நின்றுவிட்டன.

மலீஹாவுக்கு அப்போது பத்து வயது, ஐந்து வயதுக் குழந்தையின் உயரம். பார்க்காத டாக்டர் இல்லை, போடாத ஊசி இல்லை. அந்த ஒரே மாதத்தில் இரண்டு அங்குலம் வளர்ந்தாள். துஆ கபூலாகிவிட்டது, கேட்ட வேண்டுதல் பலித்துவிட்டது என்று அவள் அம்மா தாஜ் நிஷா அக்கம்பக்கத்துக்கெல்லாம் பிரியாணி கொடுத்தாள்.

மீன் படிப்புப் படித்த நண்பர் சேனாபதி வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். பாதிக்கு மேல் அள்ளி வேறு தொட்டிகளில் விடவைத்தார். மீன்கள் மளமளவென்று வளர்ந்தன. மலீஹா அரை அங்குலம் குறைந்தாள். இனாயத்துல்லாவுக்குப் புரிந்துபோயிற்று. யாரிடமும் சொல்லாமல் எல்லா மீனையும் பழைய தொட்டியிலேயே திரும்பக் கொட்டினார். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

ஆறு வருடம் அப்படியே ஓடியது. விரல் மீனை ஹூஸ்டன் ஹில்கிராஃப்ட் தெருவின் இந்தியக் கடைகள் வாங்கவில்லை. தாஜ் நிஷா முழுசாக மசாலா தடவி மொறுமொறுவென்று பொரித்து விற்றாள். தின்று முடித்த மீன்களின் நீளம் மலீஹாவுக்கே நிலைத்தது. தொட்டியில் மீன்கள் வாயை மேலே தூக்கிக் காற்றுக்குத் தவிக்கும்போது மட்டும் இனாயத்துல்லா முகத்தைத் திருப்பிக்கொள்வார். பாவம் என்று அவருக்குத் தெரியும்.

2009இல், அம்மாவின் காதளவு வளர்ந்திருந்த மலீஹா அந்தத் தவிப்பைப் பார்த்துவிட்டுக் காரணம் கேட்டாள். மகளிடம் பொய் சொல்ல வரவில்லை, எல்லாவற்றையும் சொன்னார்.

"இப்ப பிரிச்சு விட்டா நீ கொஞ்சம் குறைஞ்சிடுவேம்மா. இன்னும் ரெண்டு வருஷம் பொறுத்தா அம்மாவையே தாண்டிடலாம்."

"இட்ஸ் ஓகே அத்தா," என்றாள் மலீஹா. "ஐ ஹேவ் இனஃப். லெட் தெம் க்ரோ."

அவர் அழுதுகொண்டே வலையை எடுத்தார். இருவருமாக ஐந்து தொட்டிகளுக்கு மீன்களைப் பிரித்து விட்டார்கள். உயிரோடிருந்த மீன்கள் தங்கள் பங்கைத் திருப்பி எடுத்துக்கொண்டன. அடுத்த மாதம் தாஜ் நிஷா மகளின் பேன்ட்களையெல்லாம் ஒன்றரை அங்குலம் மடித்துத் தைத்தாள்.