டிபன் டப்பாவிலிருந்த நகல்

ஆயுத பூஜை என்றால் மற்றவர்கள் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்துவிட்டுப் பொரிகடலையோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். கோபிகிருஷ்ணனுக்கு அது போதாது. நகரியில் தறி ஓட்டும் வீட்டுப் பிள்ளை அவன். அந்த வீட்டில் உடைந்த நாடாக்கட்டைகூட அன்றைக்குப் பரணில் கிடக்காது, எல்லாம் விளக்கின் முன்னால் வந்தாக வேண்டும். திருப்பதியில் ஒரு சின்ன சாப்ட்வேர் ஆபீசில் டீம் லீடர் ஆனபிறகும் அந்தப் பழக்கம் அவனை விடவில்லை.

ஆபீசுக்கு அப்போது நல்ல காலம். இரண்டாயிரம் பிறந்தால் பழைய புரோகிராம்கள் வருஷத்தைத் தப்பாகக் கணக்கிட்டு நின்றுவிடும் என்று அமெரிக்காவே கதிகலங்கிக் கிடந்தது. அங்கே ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் புரோகிராம்களைத் திருத்தும் வேலை சென்னை வழியாக இவர்களிடம் வந்திருந்தது. தீபாவளிக்குள் முடித்துக் கொடுத்தால் கோபிக்கு அமெரிக்கப் பயணம். பாஸ்போர்ட்டில் விசா விழுந்தாயிற்று. அவன் அம்மா தாட்சாயணி தெரு முழுக்கச் சொல்லியும் ஆயிற்று.

மொத்த வேலையும் சர்வர் என்கிற ஒரே பெட்டிக்குள் இருந்தது. தினம் சாயங்காலம் அதை ஒரு டேப்பில் நகலெடுத்து, முதலாளி நாகபூஷணத்தின் வீட்டு பீரோவில் சேர்ப்பது அவன் டீமில் இருந்த யமுனாவின் பொறுப்பு. பூஜையன்று அந்த டேப்பையும் கொண்டுவரச் சொன்னான் கோபி. அது அங்கேயே இருக்கட்டுமே என்று அவள் இழுத்தாள்.

"தொழில் சாமான்ல ஒண்ணு உட்டாலும் சரஸ்வதிக்கு ஆவாது. எடுத்துக்கினு வா" என்றான்.

சர்வர் முன்னால் ஏற்றிய விளக்கு விடியும்வரை அணையக்கூடாது என்று எண்ணெயைத் தாராளமாக ஊற்றிவிட்டு, கதவைப் பூட்டியவனும் அவன்தான்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. எலி திரியை இழுத்ததோ என்னவோ, விஜயதசமி காலையில் வந்து கதவைத் திறந்தால் சர்வரும் டேப்பும் பக்கத்தில் அடுக்கியிருந்த காகிதமும் கரிந்து கிடந்தன. நாகபூஷணம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஆனால் விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாமிக்கு ஏற்றிய விளக்கைக் குற்றம் சொல்ல யாருக்கு வாய் வரும்? தெய்வ சங்கல்பம் என்றார். கோபி போனதையெல்லாம் எண்ணிப் பார்த்தான். ஒரு வருஷ உழைப்பு போனது, அமெரிக்கா போனது, ஆபீசும் போய்விடும்.

மாடிப்படியில் வைத்து யமுனா ஓர் எவர்சில்வர் டிபன் டப்பாவை அவனிடம் நீட்டினாள். உள்ளே சோறு இல்லை, நகலெடுத்து வைக்கும் பிளாப்பி டிஸ்க்குகள். சத்தியவேட்டுப் பக்கம் கூலிக்குப் போகும் குடும்பத்துப் பெண், அந்த வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவள். புரியாததைப் படித்துப் பார்ப்பதற்காக எல்லாருடைய வேலையையும் பிளாப்பியில் ஏற்றிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சிநேகிதியின் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போவாளாம். ஆபீஸ் சட்டப்படி ஒரு வரியை வெளியே கொண்டுபோனாலும் அது திருட்டு.

"பூஜைக்கு மொத நாள் வரிக்கும் எல்லாம் இதுல கீதுண்ணா. நீங்களே குடுத்துடுங்க. என் பேரு மட்டும் வோணாம். என் சம்பளத்துலதான் வூட்ல அடுப்பு எரியுது."

கோபி தலையாட்டினான். அந்த நிமிஷத்தில் அவன் மனதில் பொய் இல்லை.

டப்பாவைத் தன் மேஜைக்குள் வைத்துவிட்டு பிளாப்பிகளை மட்டும் எடுத்துப் போனான். பக்கத்து அறைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் திறந்தது. நாகபூஷணம் அவனைக் கட்டிக்கொண்டார். அப்புறம்தான் கேட்டார், இது யாரிடம் இருந்தது என்று. என்னிடம் என்று சொல்லியிருக்கலாம். பாஸ்போர்ட் நினைவுக்கு வந்தது. இவ்வளவு சந்தோஷமாக இருக்கிற மனிதர் அவளை என்ன செய்துவிடப் போகிறார், நல்ல பெயர்தானே கிடைக்கும் என்று தனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டான்.

"யமுனா வெச்சிருந்தா சார்."

முதலாளியின் முகம் மாறியது. வேலையை வெளியே விடமாட்டோம் என்று சென்னைக்காரர்களிடம் கையெழுத்துப் போட்டவர் அவர். மத்தியானத்துக்குள் யமுனாவை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்.

கோபி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினான். சத்தியவேடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். என்னென்னவோ சொல்ல நினைத்துப் போனவன் ஜன்னல் கம்பியைப் பிடித்தான். அவள்தான் பேசினாள்.

"வெளக்கு வெச்சவங்கள யாரும் ஒண்ணும் கேக்கல, பாத்தீங்களாண்ணா."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். பஸ் புறப்பட்டுப் போயிற்று.

வேலை தீபாவளிக்குள் முடிந்தது. மறுவாரம் நாகபூஷணம் எல்லாரையும் கூப்பிட்டு, நடந்ததிலிருந்து பாடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். இனிமேல் டேப் போக, இன்னொரு நகல் தினம் சாயங்காலம் நம்பிக்கையான ஒருவர் வீட்டுக்குப் போகும். கோபி அமெரிக்கா கிளம்பும்வரை அது அவன் பொறுப்பு.

எல்லாரும் கை தட்டினார்கள். அவனும் கை நீட்டி பிளாப்பிகளை வாங்கிக்கொண்டான். எதில் வைத்துக் கொண்டுபோவது என்று மேஜையைத் திறந்தான். திருப்பிக் கொடுக்காத எவர்சில்வர் டப்பா அங்கேயே இருந்தது, மூடியில் யமுனா என்று பெயர் வெட்டியிருந்தது. பிளாப்பிகளுக்கு அது அளவாக இருந்தது.