சிமியோன் ஊதிய பந்து

1

நான் எழுத உட்கார்ந்தது ஒரு சிரிப்புக் கதை. சுன்னாகத்தில் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தபோது, பந்தலுக்குக் கீழே பக்கத்துக் கதிரையில் இருந்தவர் சொன்னது. குருநகர் உதைபந்தாட்டக் கழகமொன்று, வெளிநாட்டுப் பந்து ஒன்றுக்கு மேடை போட்டு மாலை சூட்டி அவமானப்பட்ட கதை. (கழகத்தின் பெயரை எழுதினால் அந்தக் கழகம் கோபிக்கும். எழுதாமல் விட்டால் குருநகரிலுள்ள எல்லாக் கழகங்களும் கோபிக்கும். கோபம் பரவலாக இருப்பது நல்லது என்று விட்டுவிட்டேன்.)

சுற்றியிருந்தவர்கள் செத்தவீடு என்பதையும் மறந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவர், "உந்தப் புதுப் பந்தை விடுங்கோ, அந்தப் பழைய பந்து இருக்கெல்லோ..." என்று தொடங்கினார். அந்த நேரம் பார்த்துச் சங்கு ஊதினார்கள். அவர் பாடைக்குத் தோள் கொடுக்க எழுந்து போய்விட்டார்.

அந்த வாக்கியத்தின் மிச்சத்தை நான்தான் எழுத வேண்டியிருக்கிறது. ஆகையால், இதில் உண்மை எதுவரை என்று கேட்பவர்களுக்கு என் பதில்: சங்கு ஊதும்வரை.

2

முதல் தொடக்கம்: "1992ஆம் ஆண்டு. பொருளாதாரத் தடை யாழ்ப்பாணத்தின் கழுத்தை இறுக்கி..."

[வேண்டாம். அந்தக் கழுத்தை இதுவரை நெரித்த எழுத்தாளர்கள் போதும்.]

இரண்டாவது: "அலுமாரிக்குள் பந்து மூச்சு விட்டது."

[இப்போதே வேண்டாம்.]

மூன்றாவது:

குருநகரில் பந்து பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆண்பிள்ளை கிடையாது. பழைய பந்துக் கட்சி ஒன்று. மண்ணிறத் தோல், வாயில் லேஸ் கட்டு, மழையில் நனைந்தால் அம்மிக் குழவியின் பாரம். தலையால் அடித்தவன் நெற்றியில் லேஸின் தடம் பதிந்துவிடும். அந்தத் தடத்தோடு ஞாயிறு பூசைக்குப் போவது பதக்கம் குத்திக்கொண்டு போவதுபோல. மற்றது புதுப் பந்துக் கட்சி. எந்த உலகக் கிண்ணத்துக்கு எந்தக் கோலம் போட்ட பந்து என்று செபம் சொல்வதுபோல் ஒப்புவிக்கும். மின்சாரம் இல்லாத ஊரில், கைமாறிக் கைமாறிக் கிழிந்த சஞ்சிகைப் படங்களில் பார்த்த பந்துகள் அவை.

புதுக் கட்சிக்குத் தலைவர், வள்ளங்களும் வலைகளும் சொந்தமாக வைத்திருந்த, கழகத்துக்கும் தலைவரான யாகோப்புச் சம்மாட்டியார். ஜேர்மனியிலிருந்த அவருடைய தம்பி, தொண்ணூறாம் ஆண்டு உலகக் கிண்ணப் பந்தை எப்படியோ அனுப்பிவைத்தார். சம்மாட்டியார் தன் மகளின் கலியாணத்துக்குக்கூட அப்படிப் பந்தல் போட்டதில்லை. சுவாமியார் தீர்த்தம் தெளித்தார். பந்தின் சிறப்பைப் பற்றிச் சம்மாட்டியார் பேசிய பேச்சு, பந்து ஜேர்மனியிலிருந்து வந்த நேரத்தைவிட நீளமாயிருந்தது. பிறகு பட்டுத் துணியை விலக்கினார்.

வெள்ளைத் தோலில் கறுப்பு முக்கோணங்கள். ஒவ்வொரு முக்கோணத்துக்குள்ளும் சிங்கத் தலைகள்.

கைதட்டத் தூக்கிய கைகள் தூக்கியபடியே நின்றன. அந்த வருடத்தில், அந்தக் குடாநாட்டில், சிங்கத்தை மேடையில் ஏற்றி மாலை போடுவது எவ்வளவு புத்திசாலித்தனம் என்பதை நான் விளக்கப்போவதில்லை.

"உதென்ன சம்மாட்டியார், சிங்கமே?" என்று மெதுவாகக் கேட்டார் செயலாளர் அருட்பிரகாசம் மாஸ்ரர்.

"சிங்கமில்லை ஐசே. உது இத்தாலிக்காரற்றை பழங்காலத்துச் சித்திர வேலை."

"நாளைக்கு விசாரிக்க வந்தாங்களெண்டால் இத்தாலிக்காரன் வந்து சொல்லுவானோ?"

சம்மாட்டியார் யோசித்தார். "அப்ப ஒண்டு செய்வம். மையாலை முகத்திலை வரி வரியாய்க் கீறிவிடுவம். சிங்கம் புலியாகியிடும்."

"கீறலாம். கீறினாப் பிறகு அதை ஆர் உதைக்கிறது?"

கழகத்தின் வரலாற்றில் அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் வாயை மூடியிருந்தது அதுதான் முதல்தடவை.

புதுப் பந்து பட்டுத் துணியோடு சம்மாட்டியாரின் பெட்டகத்துக்குள் போனது. ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி. மற்றப் பந்துகளெல்லாம் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு முடிந்திருந்தன. மிஞ்சியது அலுமாரியிலிருந்த பழைய பந்து.

செத்தவீட்டில் சிரித்தது இவ்வளவுக்குத்தான்.

3

இனிச் சந்தியோகு. அவனைத் தாமதமாகக் கொண்டுவருவதற்கு மன்னிக்க வேண்டும். அவன் எங்கும் அப்படித்தான் வருவான். தையற்காரன். கழகத்தின் கோல் காக்க இரண்டாவது கோலியாகப் பல வருடம் வெளியே குந்தியிருந்தவன். முதலாவது கோலி கனடாவுக்குப் போனதால் இந்த வருடம் முதலாவதாக ஆனவன். சம்மாட்டியார் அவனுக்கு 'உபகரணப் பேணுநர்' என்று பட்டம் கொடுத்திருந்தார். அலுமாரித் திறப்பு அவனுடைய அரைஞாணில் தொங்கியது என்பதுதான் அதன் பொருள்.

அந்தக் கனடாக்காரனுக்கும் முன்னே நெடுங்காலம் கோலியாக நின்றவன் சிமியோன். கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. போட்டிக்கு முதல்நாள் கோலிதான் பந்தை ஊத வேண்டும், அதுவும் வாயால். தோலுக்குள்ளே ஒரு ரப்பர்ப் பை. அதன் காம்பை வாயில் வைத்து ஊதி, மடித்து, நூலால் கட்டி உள்ளே தள்ளி, மேலே லேஸ் போட்டு இறுக்க வேண்டும். தன் மூச்சு உள்ளே இருக்கிற பந்து தன்னைத் தாண்டிப் போகாது என்பது கோலிமாரின் நம்பிக்கை.*

எண்பத்தைந்தில் ஒரு இறுதிப் போட்டிக்காகச் சிமியோன் பந்தை ஊதிக் கட்டி, மிச்சச் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு, கடலில் தொழிலுக்குப் போனான். ஆளும் வரவில்லை, வள்ளமும் வரவில்லை. போட்டியும் நடக்கவில்லை. அவன் ஊதிய பந்தை அவிழ்க்காமல் அப்படியே அலுமாரியில் வைத்துவிட்டார்கள்.

அவனுடைய மனுசி லூர்த்தம்மா ஊராரின் வலைகளைப் பொத்திக் கொடுத்துச் சீவிக்கிறவள். கிழிந்த வலையில் அவள் போட்ட முடிச்சு, வலை இற்றாலும் இறாது. உடம்பு கிடைக்காதவனுக்கு இறந்தோர் பூசை வைக்க அவள் சம்மதிக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் கோவிலிலிருந்து நேரே கழகக் கொட்டிலுக்கு வருவாள். பந்தை மடியில் வைத்துப் பெருவிரலால் அமத்திப் பார்ப்பாள். கல்லுப்போல் இருக்கும்.

"இருக்கிறார்," என்பாள். போய்விடுவாள்.

அவள் வரும்போது அலுமாரியைத் திறந்து கொடுத்துவிட்டு, மரியாதைக்காக வெளியே நிற்பது சந்தியோகுவின் வேலை. நின்று நின்று அவனுக்கு அவள்மேல் ஆசை வந்துவிட்டது. ஞாயிறுகளில் வாய் மணக்கக் கராம்பு மெல்லத் தொடங்கினான். ஒருநாள் கேட்டும்விட்டான்.

"சந்தியோகண்ணை," என்றாள் அவள், "அந்தப் பந்து இளகட்டும். பிறகு கேளுங்கோ."

'அண்ணை'யை அவன் பொருட்படுத்தவில்லை. அங்கே எல்லோரும் எல்லோருக்கும் அண்ணைதான்.

* இந்த நம்பிக்கையோடு அந்தக் கழகம் வாங்கிய கோல்களின் தொகையை மரியாதை கருதி விடுகிறேன்.

4

ஆனால் பந்து எப்போதோ இளகிவிட்டிருந்தது.

சிமியோன் போன அடுத்த மாதமே இளகியது. எந்தப் பந்தும் இளகும். ஒரு சனிக்கிழமை அலுமாரியைத் திறந்த சந்தியோகு, தோல் தொய்ந்து கிடப்பதைக் கண்டான். நாளைக்கு அவள் வருவாள். லேஸைக் கழற்றி, காம்பை எடுத்து, தானே ஊதினான். தையல்கடை வெள்ளை நூலால் கட்டினான். இரக்கம்தான், வேறொன்றுமில்லை. ஒருமுறை என்றுதான் நினைத்தான். பிறகு அது பழகிவிட்டது. வருடக்கணக்காக அவள் அமத்திப் பார்த்து 'இருக்கிறார்' என்று சொன்னது சந்தியோகுவின் மூச்சை.

அவள் 'இளகட்டும்' என்று சொன்ன நாளோடு அவன் ஊதுவதை நிறுத்தினான்.

பந்து இளகவில்லை.

மாரி போனது. தவக்காலம் வந்து போனது. அடுத்த மாரியும் போனது. ஞாயிறுதோறும் கல்லுப்போல் இருந்தது. தனியே நின்று அமத்திப் பார்த்தான். விரல் உள்ளே போகவில்லை. அவனுடைய கராம்பு வீணாய்ப் போனது.

[இங்கே கதை என் கையில் நின்றுவிட்டது. தையற்காரனிடம் ஊசிக்கா பஞ்சம்? ஒரு குத்து, எல்லாம் முடிந்திருக்குமே! 'அவள் தானாகவே கைவிட வேண்டும் என்று அவன் விரும்பினான்' என்று எழுதினேன். அடித்தேன், அவ்வளவு நல்லவன் என்றால் எனக்கே நம்பிக்கை வராது. 'அவனுக்குப் பயம்' என்று எழுதினேன். அதை அடிக்க முடியவில்லை.]

[இன்னொன்று. சிமியோனுக்கு நான் கொடுக்க நினைத்தது ஒரே ஒரு பந்தி. கடலில் போனான், முடிந்தது. இப்போது எழுதியதைத் திருப்பிப் பார்க்கிறேன். தலைப்பிலும் அவன்தான் நிற்கிறான். நான் வைத்த தலைப்பு 'சிங்கப் பந்து'.]

5

சம்மாட்டியார் உத்தரவு போட்டார். "வழக்கம் வழக்கம்தான். பழைய காத்தைத் திறந்து விட்டுப்போட்டு, புதுக் கோலி ஊதட்டும். ஒரு சின்ன வைபவமாய்ச் செய்வம். நான் ரெண்டு வசனம் பேசுறன்."

"உம்மடை ரெண்டு வசனம் முடிய, பந்து தானாய் இறங்கியிடும்," என்றார் அருட்பிரகாசம் மாஸ்ரர்.

ஆகவே வைபவம் இல்லை. சனிக்கிழமைப் பின்னேரம் சந்தியோகு தனியே கொட்டிலுக்குப் போனான். வாசலில் லூர்த்தம்மா நின்றாள்.

"அவிழ்க்கப் போறீங்களாம்."

"சம்மாட்டியார் சொல்லிப்போட்டார்."

"அப்ப நானும் வாறன்."

உள்ளே அந்தோனியார் படம் ஒன்று உண்டு. காணாமல் போனதைத் தேடித் தருகிறவர். அவள் அதன் முன்னே ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்து, அவனுக்கு எதிரே நிலத்தில் இருந்தாள். அவன் பந்தை மடியில் வைத்து லேஸை இழுத்தான். துளைக்குள் விரல் விட்டுக் காம்பை வெளியே எடுத்தான்.

வெள்ளை நூல் இல்லை. பச்சை நைலோன் நூல். வலை முடிச்சு. தொட்டால் ஈரம்.

அவன் அவளைப் பார்த்தான். அவள் அவனுடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உது புது முடிச்சு. வலை முடிச்சு எப்ப பழகினனீங்கள்?"

"நானில்லை, லூர்த்து. நான் கட்டினது வெள்ளை நூ..."

பாதியில் நிறுத்தினான். வாய்க்குள் கராம்பு கைத்தது.

அவள் தன் பெருவிரலைப் பார்த்தாள். ஏழு வருட ஞாயிறுகளை மனதுக்குள் ஒவ்வொன்றாய் அமத்திப் பார்க்கிறவள்போல் இருந்தாள்.

"அப்ப நான் அமத்தினது உங்கடை மூச்சையோ?"

"கொஞ்சக் காலம். பிறகு நான் விட்டிட்டன். சத்தியமாய் விட்டிட்டன்."

"விட்டாப் பிறகு ஆர்?"

"நீர்தான் எண்டு..." அவன் தடுமாறினான். "ஞாயிறிலை நீர் தனிய இருக்கிறனீர். உமக்கு முடிச்சுத் தெரியும். என்னை வேண்டாமெண்டு சொல்ல ஏலாமல்..."

"உங்களை வேண்டாமெண்டு சொல்லுறதுக்கு நான் ரப்பர் ஊதவேணுமோ? வாயிலை சொல்லமாட்டனோ?"

இதைக் கேட்டு அவனுக்குச் சந்தோசம் வந்தது. அடுத்த கணம் மற்றது உறைத்தது. அவள் ஊதவில்லையென்றால், ஊதியது யார்?

முடிச்சின் ஒரு நுனியைத் தொட்டான். இழுப்பதற்கு முன்னரே அது அவிழ்ந்து விழுந்தது. அவன் காம்பை இரண்டு விரலால் நெரித்துப் பிடித்துக்கொண்டான்.

லூர்த்தம்மா தவழ்ந்து அருகே வந்தாள். காம்புக்கு நேரே முகத்தைக் கொண்டுவந்து, கண்ணை மூடினாள்.

"விடுங்கோ. சுருட்டோ கராம்போ, ஆற்றை மூச்செண்டு நான் சொல்லுறன்."

6

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

முதலாவதில் கராம்பு மணக்கிறது. அவன் சொன்னது பொய். அவளை ஏய்த்தவன் என்பதோடு கதை முடிகிறது. [இது நீதிக் கதை. அடித்துவிட்டேன்.]

இரண்டாவதில் சுருட்டு மணக்கிறது. அவள் கண்ணைத் திறக்காமலே 'இருக்கிறார்' என்கிறாள். [வாசகர்கள் இதைத்தான் கேட்பீர்கள் என்று தெரியும். அதனாலேயே தயங்குகிறேன்.]

மூன்றாவதில் ஒரு மணமும் இல்லை. வெறும் காற்று. அவள் கலியாணத்துக்கு ஓம் என்கிறாள். அவன் ஞாயிறு போட்டியில் தோற்கிறான். சம்மாட்டியார் தோல்வியைப் பற்றிப் பேசுகிறார். [நியாயமான முடிவு. எழுதியும் முடித்தேன்.]

பிறகு அதைத் திருத்தி எழுதுகையில், சந்தியோகு விரலைத் தளர்த்துகிற வரிக்கு வந்தேன். காற்று வெளியே வருகிறது என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். அந்தோனியாரின் மெழுகுதிரிச் சுடர் அலைந்தது என்று ஒரு அழகுக்குச் சேர்க்கலாம் என்று நினைத்தேன்.

சுடர் சாய்ந்தது. ஆனால் அப்பால் சாயவில்லை. காம்பை நோக்கிச் சாய்ந்தது.

இனி என்னால் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. காம்பை உங்கள் விரல்களுக்குத் தருகிறேன், கவனம், ஈரமாக இருக்கும். நெரித்தே பிடித்திருப்பதோ விடுவதோ உங்கள் விருப்பம். விடுவதென்றால் முதலில் லூர்த்தம்மாவின் முகத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துவிடுங்கள்.

பந்து மூச்சை உள்ளே எடுக்கிறது.